சட்டை பாஸ், பேண்ட் ஃபெயில்: ஒரு யூனிஃபார்ம் கடையோடு ஒரு வருடம்

மதுரையில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் மெட்ரிக் பள்ளிக்கு யூனிஃபார்ம் விற்பது ஒரே ஒரு கடைதான். போன மே மாதம் அங்கே வாங்கிய துணிகள் ஒரு வருடம் உழைத்து, சில உழைக்காமலே, இப்போது பழைய துணி மூட்டைக்குப் போய்விட்டன. வாங்கின அன்றே ஐந்து ஸ்டார் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், யூனிஃபார்ம் விஷயத்தில் அது உலை கொதிக்கும் முன்னே சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. நாற்பது துவைப்பாவது தாண்டினால்தான் துணியின் குணம் தெரியும். அதனால்தான் இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன். கடை பெயர், பள்ளி பெயர் எழுதவில்லை, எழுதினாலும் யாருக்கும் பயனில்லை, அந்தப் பள்ளியில் படித்தால் அந்தக் கடைக்குத்தான் போயாக வேண்டும், வேறு பள்ளியில் படித்தால் வேறு கடை.

மகள் அப்போது ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள், மகன் ஆறாம் வகுப்புக்கு. ஐந்து வரைக்கும் அரை டவுசர், ஆறிலிருந்து முழு பேண்ட், அதனால் அவனுக்கு எல்லாமே புதிது. பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது போனோம். அது முதல் தப்பு. வாசலில் டோக்கன் கொடுக்கிறார்கள், எங்களுக்குக் கிடைத்தது 143, உள்ளே ஓடிக்கொண்டிருந்தது 61. வெளியே ஒரு ஷாமியானா, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கேன் தண்ணீர். இரண்டேகால் மணி நேரம் கழித்துத்தான் உள்ளே போனோம். டிரையல் ரூம் ஒன்றே ஒன்று, அதற்குத் தனி வரிசை, அதனால் பெரும்பாலான அம்மாக்கள் பிள்ளையின் முதுகில் சட்டையை வைத்துப் பார்த்தே வாங்கிப் போகிறார்கள். கவுண்டரில் நின்ற பையன் நல்லவன், வேகமானவன், ஆனால் யார் என்ன சைஸ் கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னான்: "அக்கா, ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கங்க, வளர்ற பிள்ள." இந்த வாக்கியத்தைக் கேட்டு ஏமாறாத தாய் மதுரையில் கிடையாது. எடுத்தோம். அந்தப் பெரிய சைஸ் பேண்ட்டின் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

பில்லைச் சொல்லிவிடுகிறேன். மகனுக்குச் சட்டை 480 ரூபாய் வீதம் 3, பேண்ட் 720 வீதம் 3, ஹவுஸ் டி-ஷர்ட் 360, டிராக் பேண்ட் 440, பெல்ட்டும் டையும் சேர்த்து 200, சாக்ஸ் 4 ஜோடி 300. மொத்தம் 4,900. மகளுக்குச் சுடிதார் செட் (டாப், பேண்ட், மேலே ஓவர்கோட்) 1,340 வீதம் 3, ஹவுஸ் டி-ஷர்ட் 380, வெள்ளை டிராக் பேண்ட் 460, சாக்ஸ் 300. மொத்தம் 5,160. இரண்டும் சேர்த்து 10,060 ரூபாய், ஷூ இல்லாமல். என் கணவர் பில்லை மடித்துப் பர்ஸில் வைத்தபடி, தன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டி சட்டை விலையை ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கொண்டார்.

விலை அதிகம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. கடையில் போய் எடுக்கும் எந்த ரெடிமேட் பேண்ட்டும் இன்றைக்கு அந்த விலைதான். என் புகார் வேறு. வேறு எங்கேயும் வாங்க முடியாது என்பதுதான் புகார், அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் சுவாரசியமாகவே இருக்கிறது.

நான் படிக்கும்போது யூனிஃபார்ம் என்றால் வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, அவ்வளவுதான். எந்த ஜவுளிக் கடையிலும் கிடைக்கும், அக்காவுக்குச் சின்னதானது எனக்கு, எனக்குச் சின்னதானது சித்தி மகளுக்கு. இப்போது இந்தப் பள்ளியின் சட்டையில் வெள்ளைத் துணி மேல் மெரூன் கோடும் சாம்பல் கோடும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒரு கட்டம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தை விளக்குத்தூண், பத்துத்தூண் சந்து, தெற்கு மாசி வீதி என்று எங்கே தேடினாலும் கிடைக்காது, அது மொத்தமாக ஆர்டர் கொடுத்து நெய்வது, கடைக்கு மட்டும்தான் போகும். அதன் மேல் பாக்கெட்டில் லோகோ எம்பிராய்டரி. கட்டமும் லோகோவும் இருந்தால் போதும், பெற்றோரின் காலைக் கட்டியாகிவிட்டது. பள்ளி "அந்தக் கடையில்தான் வாங்க வேண்டும்" என்று எங்கேயும் எழுத வேண்டியதே இல்லை. எங்கள் சர்க்குலரில்கூட "கீழ்க்கண்ட கடையில் கிடைக்கும்" என்றுதான் இருந்தது, எவ்வளவு பணிவான வாக்கியம் பாருங்கள்.

சிபிஎஸ்இ 2017-லேயே, புத்தகம், யூனிஃபார்ம், ஷூ எதையும் பள்ளி வளாகத்திலோ குறிப்பிட்ட கடையிலோ வாங்கச் சொல்லிப் பெற்றோரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. எங்களுடையது சிபிஎஸ்இ இல்லை, இருந்திருந்தாலும் "கீழ்க்கண்ட கடையில் கிடைக்கும்" என்பதை யார் என்ன செய்ய முடியும்? இங்கிலாந்தில் இதற்காக 2021-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். லோகோ போட்ட உருப்படிகளை மிகக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும், ஒரே கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் 5 வருடத்துக்கு ஒரு தடவையாவது டெண்டர் விட வேண்டும், பழைய யூனிஃபார்ம் எங்கே கிடைக்கும் என்பதைப் பள்ளியே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்று அதன்படி வந்த வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தக் கடைசி விஷயத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் எங்கள் பள்ளியில் அந்த வேலையை நாங்களே ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் ரகசியமாகச் செய்துகொண்டிருக்கிறோம், டீச்சர்கள் யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பயந்து பயந்து.

சரி, துணிக்கு வருகிறேன்.

சட்டை நன்றாக இருக்கிறது. முழு மனதோடு சொல்கிறேன். வருடம் முழுக்க மெஷினில் துவைத்தும் கட்டத்தின் மெரூன் நிறம் வெள்ளையில் இறங்கவே இல்லை, இதுதான் எனக்கு இருந்த முதல் பயம். காலருக்குள் வைத்த கேன்வாஸ் கொப்புளம் கொப்புளமாக எழும்பவில்லை. பட்டன் ஒன்றுகூட விழவில்லை, காஜா பிரியவில்லை. தோள்பட்டைத் தையலில் மட்டும் ஒரு சட்டைக்குப் பிசிறு வந்தது, அது பையன்கள் பஸ்ஸில் ஒருத்தனை ஒருத்தன் இழுத்ததால் என்று பிறகு தெரிந்தது, கடை மேல் பழியில்லை. பாக்கெட்டில் இங்க் கறை இரண்டு. 480 ரூபாய்க்கு இந்தச் சட்டை தகும்.

பேண்ட்டுதான் சொதப்பல். சாம்பல் நிறத் துணி, மேலே தொங்கிய அட்டையில் ஏதோ பிரீமியம் காட்டன் பிளெண்ட் என்று போட்டிருந்தது. என் மாமியார் பள்ளிபாளையம் பக்கம், விசைத்தறிக் குடும்பம். சின்ன வயதிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர், துணியை விரலில் வைத்துத் தேய்த்தாலே என்ன நூல் என்று சொல்லிவிடுவார். பேண்ட் வந்த அன்றே உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, அடுப்படியில் தீக்குச்சி கொளுத்திக் காட்டினார். பருத்தியாக இருந்தால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டராக இருந்தால் சுருண்டு உருகிக் கறுப்பாக ஒரு மணி கட்டும். கட்டியது. நன்றாக, கல் மாதிரி. "காட்டன் எங்க கண்ணு இருக்குது? அட்டையில வேணும்னா இருக்கும்," என்றார் அத்தை, அந்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு.

பாலியஸ்டர் கலப்பது குற்றமில்லை, தினமும் துவைத்துப் போடும் துணிக்கு அது வேண்டும், இல்லையென்றால் இஸ்திரி போட்டே கை ஓய்ந்துவிடும். ஆனால் மதுரை வெயிலில், மின்விசிறி பாதி வேகத்தில் சுற்றும் வகுப்பில், நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே அந்தத் துணியில் எட்டு மணி நேரம் உட்காருவது பையன்தான், அட்டை அடித்தவர் இல்லை. ஜூன் மாதம் முழுக்கத் தொடை இடுக்கில் அரிப்பு என்று பவுடரைக் கொட்டிக்கொண்டிருந்தான். ஆகஸ்ட்டில் முழங்கால் இரண்டிலும் நூல் சின்னச் சின்ன உருண்டையாகத் திரள ஆரம்பித்தது. ஆயுத பூஜை லீவில் எடுத்துப் பார்த்தால் உட்காரும் இடம் மட்டும் இஸ்திரிப் பெட்டியில் தேய்ந்து பளபளவென்று ஸ்டீல் தட்டு மாதிரி இருந்தது. ஒரு பேண்ட்டின் ஜிப் போய்விட்டது, கடைக்கு எடுத்துப் போனால் "துவைச்ச துணி மாத்த மாட்டோம் அக்கா" என்றான் அதே பையன், பில்லின் பின்னால் பொடி எழுத்தில் அதுவும் எழுதியிருந்தது. துவைக்காமல் ஜிப் போவதற்குப் பேண்ட்டை அலமாரியில் வைத்துப் பூஜை செய்திருக்க வேண்டும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். உள்மடிப்புதான் என்னைக் கோபப்படுத்தியது. ஒரு சைஸ் பெரிதாக எடுத்தோம் அல்லவா, அதில் இடுப்புதான் பெரிது, நீளம் ஏறத்தாழ அதேதான். ஜூனில் பெல்ட் போட்டு இறுக்கினால் இடுப்பில் சுருக்குப் பை மாதிரி மடிப்பு மடிப்பாக நின்றது, நவம்பரில் இடுப்பு இன்னும் லூஸ், ஆனால் கீழே கணுக்கால் தெரிகிறது. ஆறாம் வகுப்புப் பையன் மழை பெய்த முருங்கை மாதிரி வளர்வான், இது யூனிஃபார்ம் தைக்கிறவர்களுக்குத் தெரியாத ரகசியமா? ஒரு நாள் டைரியில் சிவப்பு இங்க்கில் வந்தது: பேண்ட் நீளம் போதவில்லை, வரும் திங்களுக்குள் சரிசெய்யவும். சரி, உள்மடிப்பைப் பிரித்துவிட்டால் ஆச்சு என்று தூக்கிக்கொண்டு தையல்காரரிடம் போனேன்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் மெஷின் போட்டிருந்த தையல்காரர்களைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள் அல்லவா, அதில் ஒருவர், எங்கள் வீட்டுக்கு என் கல்யாண ஜாக்கெட் காலத்திலிருந்து தைப்பவர். பேண்ட்டைத் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இன்னொரு தடவை பார்த்தார். "இதுல என்னத்தம்மா பிரிக்க? அரை இஞ்சு மடிச்சு ஓவர்லாக் அடிச்சு விட்ருக்கான். துணிய மிச்சம் பண்ணிருக்கான்." அரை அங்குலம். ஒரு பேண்ட்டுக்கு இரண்டு அங்குலம் துணி கூடுதலாக விட்டால் கடைக்கு என்ன செலவாகும், பத்து ரூபாய்? அந்தப் பத்து ரூபாயை மிச்சம் பிடித்ததால் நான் 720 ரூபாய் வீதம் கொடுத்த மூன்று பேண்ட்டும் ஆறு மாதத்தில் வீண். வருட நடுவில் இன்னொரு தடவை வாங்க வருவோம் என்று கணக்குப் போட்டுத்தான் அப்படித் தைக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு, நிரூபிக்க முடியாது, விட்டுவிடுகிறேன்.

அங்கேதான் ஞானம் பிறந்தது. சட்டைக்குத்தானே கட்டம், லோகோ எல்லாம். பேண்ட் வெறும் சாம்பல். அதற்கு எதற்கு அந்தக் கடை?

பழைய பேண்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு விளக்குத்தூண் போனேன். சாம்பலில் இத்தனை சாம்பலா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, ஸ்டீல் கிரே, ஸ்மோக் கிரே, இன்னும் ஏதேதோ. கடைக்குள் டியூப்லைட்டில் வைத்துப் பார்த்தால் நாலும் ஒன்று மாதிரி இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது. கடைக்காரரிடம் சொல்லித் துணிக் கட்டையோடு வாசலுக்கு வந்து வெயிலில் வைத்துப் பார்த்தேன், அவரே வந்து பிடித்துக்கொண்டார், அப்போதுதான் ஒன்று லேசாக நீலம் அடிப்பது தெரிந்தது, இன்னொன்று பழுப்பு. மூன்றாவது கடையில் சரியாகப் பொருந்தியது. பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த சூட்டிங், மீட்டர் 200 ரூபாய், கையில் எடுத்தால் கடைத் துணியைவிடக் கனம், ஆனால் உள்ளே காற்று போகிறது. பேண்ட்டுக்கு ஒன்றேகால் மீட்டர், 250. தையல் கூலி 300. ஆக 550. கடை விலையைவிட 170 ரூபாய் குறைவு.

அந்த 170 பெரிய லாபமில்லை, அலைச்சலுக்கே சரியாகப் போய்விடும். ஆனால் தையல்காரர் அண்ணன் கீழே மூன்று அங்குலம் உள்ளே விட்டு மடித்தார், இடுப்பின் பின்பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் விட்டார், பாக்கெட்டுக்குக் கெட்டியான காடாத் துணி போட்டார். "தம்பி பத்து மாசம் போடுவான், அப்புறம் கொண்டாங்க, எறக்கித் தரேன்" என்றார். ஏப்ரலில் ஒரு அங்குலம் இறக்கினோம், 40 ரூபாய். இன்னும் இரண்டு அங்குலம் உள்ளே இருக்கிறது, இந்த வருடமும் அதே பேண்ட்டுதான். இறக்கின இடத்தில் பழைய மடிப்புக் கோடு லேசாகத் தெரியும், அதற்கு வினிகரை நனைத்துத் தேய்த்து இஸ்திரி போடச் சொன்னார் அத்தை, முக்கால்வாசி மறைந்துவிட்டது. டைரியில் சிவப்பு இங்க் வரவில்லை. பி.டி. சார் ஒரு தடவை துணியைப் பிடித்துப் பார்த்துவிட்டு எங்கே தைத்தது என்று தன் மகனுக்காகக் கேட்டாராம்.

மகளின் செட்டுக்கு வருகிறேன், அதில் துணியைவிட விதிதான் பிரச்சினை. டாப், பேண்ட், அதன் மேல் கழுத்திலிருந்து இடுப்பு வரை கை இல்லாத ஒரு ஓவர்கோட். முன்பெல்லாம் துப்பட்டாவை வி வடிவில் மடித்து இரண்டு பக்கமும் பின் குத்தி, பெல்ட்டுக்குள் சொருகி அனுப்ப வேண்டும், காலையில் அதற்கே பத்து நிமிடம் போகும், அதை நிறுத்திவிட்டு ஓவர்கோட் கொண்டுவந்தது நல்ல காரியம்தான். ஆனால் இரண்டு அடுக்குத் துணி, அதிலும் மேலே இருப்பது கறுப்புக்குப் பக்கத்து மெரூன், உள்ளே லைனிங். ஏப்ரலில் அவள் வீட்டுக்கு வந்து ஓவர்கோட்டைக் கழற்றினால் முதுகில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கோடு தெரியும். தையல் நன்றாக இருக்கிறது, குறை சொல்ல முடியாது, சாயமும் நின்றது. ஆனால் 1,340 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு பாக்கெட் வைக்கவில்லை. பையனின் 720 ரூபாய்ப் பேண்ட்டில் மூன்று பாக்கெட். பெண் பிள்ளைக்குக் கர்ச்சீஃப் வேண்டாமா, பஸ் பாஸ் வேண்டாமா, மாதத்தில் சில நாள் அவசரத்துக்கு ஒரு பேடு வேண்டாமா? கையில் பிடித்துக்கொண்டா வகுப்பைத் தாண்டிப் போவாள்? கடையில் கேட்டேன். "ஸ்கூல் கொடுத்த டிசைன் அக்கா." பள்ளியில் கேட்டேன். "கடையில் அப்படித்தான் வருகிறது மேடம்." இதைவிடக் கச்சிதமாக ஒரு பந்தை யாரும் உதைக்க முடியாது.

புதன்கிழமை இன்னும் மோசம். அன்றைக்கு ஹவுஸ் டி-ஷர்ட், வெள்ளை டிராக் பேண்ட், வெள்ளை கான்வாஸ் ஷூ. ஆண் பெண் எல்லோருக்கும் வெள்ளைதான். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு வெள்ளைப் பேண்ட் என்று முடிவெடுத்தவர் யாராக இருந்தாலும், அவர் வீட்டில் ஒரு நிமிடம் பேசிவிட்டு முடிவெடுத்திருக்கலாம். வருடத்தில் எத்தனை புதன்கிழமை என் மகளுக்கு "வயிற்று வலி" வந்தது என்று எண்ணினால் ஒரு கணக்குப் பாடம் எடுக்கலாம். அவள் மட்டுமில்லை, வகுப்பில் பாதிப் பேர் இரண்டு பேண்ட் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வருவார்களாம், மதுரையில், கிரவுண்டில், ஓடுவதற்கு. பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் ஆறு அம்மாக்கள் சேர்ந்து இதைச் சொன்னோம், எழுத்தில் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தோம். சர்க்குலர் எதுவும் வரவில்லை. ஆனால் ஜனவரியிலிருந்து ஒன்பது, பத்து வகுப்புப் பெண்கள் புதன்கிழமை மெரூன் பேண்ட் போட்டு வந்தால் பி.டி. மிஸ் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறார். விதி அப்படியேதான் இருக்கிறது, டைரியின் நாலாம் பக்கத்தில். அதைப் பார்க்காத மாதிரி இருக்கிற ஒரு நல்ல மனுஷிதான் கிடைத்திருக்கிறார்.

அந்த நாலாம் பக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பெண்களுக்கு இரட்டை ஜடை, மடித்துக் கட்டி, கறுப்பு ரிப்பன். பையன்களுக்கு ஒட்ட வெட்டிய முடி, பாக்ஸ் கட்டிங் கூடாது, நெற்றியில் விழக் கூடாது. நகப்பூச்சு, மருதாணி, வளையல், தொங்கட்டான் எதுவும் கூடாது. இவற்றில் பாதியை நான் சும்மா ஒரு ஒழுங்குக்கு என்று விட்டுவிடுவேன், மருதாணியால் படிப்புக் கெடாது என்று மட்டும் சொல்வேன். ஆனால் "கையில் வண்ணக் கயிறு கட்டி வரக் கூடாது" என்ற வரியைப் பார்த்து முகம் சுளித்த உறவினர் ஒருவரிடம் நான் சண்டையே போட்டேன். தென் மாவட்டங்களில் அந்தக் கயிறு எதற்குக் கட்டப்படுகிறது, எந்த நிறம் எந்தச் சாதி என்று பிள்ளைகளே சொல்வார்கள். 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி மூன்றையும் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. நெற்றிக் குறியைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது, தெரியும். ஆனால் கயிறு விஷயத்தில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. யூனிஃபார்ம் என்று ஒன்று எதற்காக வந்ததோ அதைக் கையிலுள்ள ஒரு முழக் கயிறு ரத்து செய்துவிடும்.

எதற்காக வந்தது என்பதைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் தெருவில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை 1985-லிருந்து கொடுக்கிறார்கள், 2012-13-லிருந்து எட்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு 4 செட். துணியைக் கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்கின்றன, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. அத்தையின் அண்ணன் வீட்டில்கூட ஒரு காலத்தில் சங்கத்துக்கு இந்தத் துணி ஓட்டியிருக்கிறார்கள், அதனால் அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அத்தை அவள் டாப்பைத் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டார். நான் ஒரு நாள் என் மகள் டாப்பையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம்புங்கள், அரசுத் துணி கொஞ்சம் கூடுதலாகத்தான் தாங்குகிறது. அளவுதான் மோசம், தோள் முழங்கைக்கு வருகிறது, அவள் அம்மா எல்லா செட்டையும் பிரித்து மறுபடி பிடித்துத்தான் போடுகிறாள், அதற்கு ஒரு செட்டுக்கு 60 ரூபாய் தையல் கூலி. ஒன்பதுக்குப் போனால் இதுவும் கிடையாது, சொந்தக் காசுதான். அது அவர்கள் வீட்டில் இப்போதே ஒரு பேச்சாக இருக்கிறது.

மிச்சச் சாமான்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ட் மூன்றாம் மாதம் பக்கிளுக்குப் பக்கத்தில் உரிந்தது, லோகோ பக்கிளை மட்டும் எடுத்துச் சாதாரணப் பட்டையில் மாட்டிக்கொண்டோம். டை எலாஸ்டிக் டை, போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் போதும், அடுத்த வருடத்துக்கும் போதும், தலையெழுத்து. சாக்ஸ் கடையில் வாங்காதீர்கள், கோடு போட்ட சாக்ஸ் என்று 75 ரூபாய், நாலாவது துவைப்பில் எலாஸ்டிக் தளர்ந்து ஷூவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கோட்டை யாரும் குனிந்து பார்ப்பதில்லை, வெறும் சாம்பல் சாக்ஸ் பிளாட்பாரத்தில் மூன்று ஜோடி நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதுவே தேவலாம். ஷூ நல்லவேளையாக எந்தக் கடையிலும் வாங்கலாம், கறுப்பு பாட்டாவோ பாரகனோ உங்கள் இஷ்டம், ஆறாம் வகுப்புக்கு லேஸ் வைத்தது வாங்கினால் தினமும் காலையில் ஐந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள், நாங்கள் வெல்க்ரோவுக்கு மாறிவிட்டோம். வெள்ளை ஷூவுக்கு பாலிஷ் தீர்ந்தால் செவ்வாய் ராத்திரி சாக்பீஸ், நாங்கள் செய்ததுதான், இன்றைக்கும் வேலை செய்கிறது.

டி-ஷர்ட் பற்றிச் சொல்ல மறந்தேன். திருப்பூர்த் துணி என்றார்கள், இருக்கலாம், நல்ல பின்னல், காலர் சுருளவில்லை. ஆனால் சிவப்பு ஹவுஸ் சாயம் போகிறது. மஞ்சள், நீலம் எடுத்தவர்கள் புகார் சொல்லவில்லை, சிவப்புக்காரர்கள் முதல் மூன்று துவைப்பு தனியாகப் போடுங்கள், நான் போடாததால் என் கணவரின் இரண்டு வெள்ளை பனியன்கள் ரோஸ் நிறமாகி ஒரு வருடமாக வீட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்த மே மாதம் மறுபடி போனேன், இந்த முறை பள்ளி லீவு விட்ட மறு வாரமே, செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு. டோக்கன் இல்லை, டிரையல் ரூம் காலி, அதே பையன் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான், எல்லா சைஸும் இருந்தது. ஜூன் முதல் வாரத்தில் போனால் 34, 36 சைஸ் தீர்ந்துவிடும், வந்ததும் போன் பண்ணுகிறோம் என்பார்கள், போன வருடம் ஒரு பையன் மூன்று வாரம் கலர் டிரஸ்ஸில் வந்து வகுப்பு வாசலில் நின்றான். சட்டை மட்டும் இரண்டு வாங்கினேன், மகளுக்கு இரண்டு செட். பேண்ட் வேண்டாமா அக்கா, ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கங்க என்றான். வேண்டாம்ப்பா என்றேன். நேராகக் குன்னத்தூர் சத்திரம் போய் ஓவர்கோட்டின் பக்கத் தையலைப் பிரித்து இரண்டு பக்கமும் உள்பாக்கெட் வைக்கச் சொன்னேன், வெளியே தெரியாமல், மெரூன் லைனிங்கிலேயே. ஒரு பாக்கெட்டுக்கு 50 ரூபாய். தையல்காரர் அண்ணன் என் மகளையே கூப்பிட்டுக் கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லி ஆழத்தை அளந்தார். அவள் கையை விட்டு, எடுத்து, மறுபடி விட்டுப் பார்த்துவிட்டு, வகுப்பில் இன்னும் எட்டுப் பேருக்கு வேண்டும், மொத்தமாகக் கொண்டுவந்தால் குறைத்துத் தருவீர்களா என்று கேட்டாள். 40 என்று பேசி முடித்திருக்கிறாள்.